சீர்த்தட்டில் வந்த சாக்பீஸ்

முன்னால் மேளம். பின்னால் தாம்பாளத் தட்டுகளில் வெற்றிலை, பாக்கு, பழம். அவற்றோடு நோட்டுக்கட்டு, பென்சில் டப்பா, உலக உருண்டை, சுவர்க்கடிகாரம். அதற்கும் பின்னால் ஒரு குட்டியானை வண்டியில் பீரோவும் இரண்டு மின்விசிறியும். ஊர்வலம் போய் நிற்கும் இடம் கல்யாண மண்டபம் இல்லை, அரசுத் தொடக்கப் பள்ளி. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு ஊர்களில் பரவிவிட்ட ‘கல்விச் சீர்’ இது. பெற்றோர், முன்னாள் மாணவர், இளைஞர் மன்றம், மகளிர் குழு என்று கூடி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வகுப்பறைக்கு வேண்டியதை வாங்கி ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இதற்கென்று ஓர் அலுவலகம் கிடையாது, சம்பளம் வாங்கும் ஆளும் கிடையாது.

பீரோவில் உபயதாரர் பெயர் எழுதலாம். மின்விசிறி இறக்கையில்கூட எழுதிவிடுவார்கள். சாக்பீஸில் எழுத வழியில்லை. அதனாலோ என்னவோ தட்டு வரிசையில் சாக்பீஸ் பெட்டிக்கு ஓர் ஓரம்தான் கிடைக்கிறது. பள்ளியில் முதலில் தீர்ந்துபோவது அதுதான். தூத்துக்குடிக் கரையில் நின்று பார்த்தால், சீர்வரிசையிலேயே பெரிய அதிசயமும் அதுதான் என்பது என் கட்சி.

ஊர் கூடிப் பள்ளியைத் தாங்கும் வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். ஊர் மக்களின் பங்களிப்பும் சேர்ந்துதான் அந்த அடுப்பு எரிந்தது. 1958 தொடங்கி, பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். மேசை, நாற்காலி, கரும்பலகை, தேசப்படம் என்று ஊரார் கொண்டுவந்து குவித்தார்கள். 1987இல் மத்திய அரசு ‘கரும்பலகைத் திட்டம்’ என்றே ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்குக் கரும்பலகைக்கே பஞ்சம். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டமும் நன்கொடையை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடுதான். பணக்கார நாட்டில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க ஆசிரியர்கள் வகுப்புக்காகச் சொந்தக் காசைச் செலவழிப்பது அவ்வளவு சகஜம் என்பதால், 2002 முதல் அதற்கு வருமான வரியில் 250 டாலர் வரை கழிவு உண்டு; 2022இல் அது 300 ஆனது. நன்கொடையாக வந்த பொருள்களை அலமாரியில் அடுக்கி, ஆசிரியர்கள் வந்து இலவசமாக எடுத்துப்போகத் தொண்டர்கள் நடத்தும் ‘கடைகள்’ அங்கே பல நகரங்களில் உண்டு.

இனி சாக்பீஸ். அது சுண்ணாம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு இல்லை. ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். கடல்நீரிலிருந்து ஜிப்சம் பிரிவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தருவைக்குளம், வேப்பலோடை பக்கத்து உப்பளங்களுக்குப் போனால் போதும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சாப்பாட்டு உப்பு மட்டும் 27 கிராம் போல வரும். ஜிப்சமாகத் தக்கது ஒன்றரை கிராம் சொச்சம். தண்ணீர் வற்றினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து படியும் என்றுதான் தோன்றும். அப்படிப் படிவதில்லை. 1849இல் உசிக்லியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் மத்தியத் தரைக்கடல் நீரைப் பொறுமையாக வற்றவைத்து, எது எப்போது வெளியே வருகிறது என்று எடைபோட்டுப் பார்த்தார். முதலில் துளி சுண்ணாம்பு. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்கு வந்தபிறகே உப்பு. கடைசியில் கசக்கும் மக்னீசியம் உப்புகள். கரைதிறன் வைத்த வரிசை இது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 350 கிராமுக்கு மேல் உப்பைக் கரைத்துக்கொள்ளும். ஜிப்சத்தில் மூன்று கிராம் போட்டால்கூட மிச்சம் அடியில் தங்கிவிடும். இடம் போதாதபோது உப்புக்கு முந்தி வெளியேறுவது ஜிப்சம்தான்.

அளத்தில் ஒருவர் “எத்தனை டிகிரி?” என்று கேட்டால் வெயிலைக் கேட்கவில்லை. அடிப்பக்கம் கனமான ஒரு கண்ணாடிக் குழாயை நீரில் மிதக்கவிட்டு, எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்க்கிறார்கள். நீர் அடர்த்தியானால் குழாய் மேலே எழும்பும். இந்தக் கோடுகளை 1768இல் வகுத்தவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. பதின்மூன்றை ஒட்டி ஜிப்சம் பிரியத் தொடங்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கும்முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். கடல்நீரானாலும் கிணற்று உவர்நீரானாலும் அதை ஒரே இடத்தில் தேக்காமல் பாத்தி பாத்தியாக நகர்த்துவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஜிப்சத்தை முந்திய பாத்திகளிலேயே இறக்கிவிட்டு, உப்புப் பாத்திக்குத் தெளிந்த நீரை மட்டும் அனுப்புகிறார்கள். வேதியியல் கூடத்தில் ‘பகுதிப் படிகமாக்கல்’ என்று நடத்தும் பாடத்தை இந்தக் கரையில் மண்வெட்டியும் வெறுங்காலுமாகச் செய்துவருகிறார்கள்.

அந்த முந்திய பாத்திகளின் தரையில் ஜிப்சம் ஏடு ஏடாகப் படியும். சுரண்டி எடுத்தால் பெரும்பகுதி சிமெண்ட் ஆலைக்குப் போகும். சிமெண்ட் உடனே இறுகிவிடாமல் தாமதப்படுத்துவது அதன் வேலை. அதையே சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வறுத்தால் விசித்திரம் நடக்கிறது. ஜிப்சப் படிகத்தில் ஒவ்வொரு கால்சியம் சல்பேட்டோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் அதில் முக்கால் பங்கு ஓடிவிடும். மிஞ்சும் வெள்ளைப் பொடிதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பொடியில் தண்ணீர் ஊற்றிக் குழைத்து அச்சில் வார்த்தால், இழந்த நீரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாகிவிடும். அப்போது அச்சைத் தொட்டால் கை வெதுவெதுக்கும். வறுத்தபோது வாங்கிக்கொண்ட வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியான படிகங்கள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும்.

குழைக்கும்போது தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றினால்தான் கலவை அச்சுக்குள் ஓடும். அந்த உபரி நீர் வெயிலில் உலர்ந்து போக, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகிவிடும். பேனா கசிந்தால் சாக்பீஸை வைத்து மை ஒற்றியெடுத்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே துளைகளை வைத்து ஒரு பாடமே நடத்தலாம். சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் போட்டு, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நிறுத்திவையுங்கள். நீர் மெல்ல ஏறும். கறுப்பு மையை நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் பிரித்துக்கொண்டே ஏறும். வண்ணப்பிரிகைக்கு ஆய்வகம் கேட்டு மனு போட வேண்டாம்.

கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதற்கும் காரணம் உண்டு. முனை பலகையில் ஒட்டி நின்று, சட்டென்று வழுக்கி, மறுபடி ஒட்டும். இது மிக வேகமாகத் திரும்பத் திரும்ப நடந்தால் காது கூசும். பாதியாக ஒடித்து எழுதினால் பெரும்பாலும் அடங்கிவிடும். துண்டு சிறிதானால் அதிர்வின் வேகமே மாறிவிடுகிறது. டீச்சர்கள் புதுச் சாக்பீஸை எடுத்ததும் ஒடிப்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை.

அசல் சுண்ணாம்புச் சாக்கும் உலகில் உண்டு. இங்கிலாந்தின் டோவர் வெண்பாறைகள் அதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த ஒற்றைச் செல் பாசிகளின் நுண்ணிய ஓட்டுத் தகடுகள் அடியில் குவிந்து இறுகிய பாறை. 1868இல் நாரிச் நகரத் தொழிலாளர்கள் முன் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ஒரு துண்டுச் சாக்கை மட்டும் வைத்துக்கொண்டு பூமியின் வரலாற்றையே சொன்னார். அறிவியலைப் பாமரருக்குச் சொன்ன உரைகளில் அதற்கு இணை குறைவு.

தூத்துக்குடியில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. பாத்தியில் ஜிப்சமாகிற அதே கால்சியத்தை, எதிரே கடலுக்குள் ‘பார்’ எனப்படும் பாறைத் திட்டுகளில் கிடக்கும் முத்துச்சிப்பியும் நீரிலிருந்துதான் எடுக்கிறது. எடுத்துக் கார்பனேட்டாக்கி, அரை மைக்ரான் கனமுள்ள தகடுகளாக, நடுவே புரதப் பசை தடவி, அடுக்கடுக்காக ஒட்டுகிறது. தகட்டின் கனம் ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதால்தான் சிப்பியின் உள்பக்கம் வானவில்லாக மின்னுகிறது; சாயம் ஏதுமில்லை. இங்கே கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961இல். பிறகு 1973 ஜூலையில், அதே வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்.

ஜிப்சத்தையும் சுண்ணாம்பாகிய கார்பனேட்டையும் வகுப்பில் பிரித்துக் காட்ட ஓர் எலுமிச்சம்பழம் போதும். மீன் சந்தையில் குப்பைக்குப் போகிற சிப்பி ஓட்டைப் பொடித்துச் சாற்றில் போட்டால் நுரைத்துக் குமிழிடும். கார்பன் டை ஆக்சைடு. ஜிப்சம் சாக்பீஸ் பொடி சும்மா கிடக்கும். ஓட்டைத் தேடித் தீவுப் பக்கம் மட்டும் போகக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளமும் சில சங்கு வகைகளும் வன உயிரினச் சட்டப்படி கைவைக்கக் கூடாதவை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது: தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு இன்று நீருக்குள்.

சிப்பி ஓடு சாக்பீஸுக்குள்ளும் போவதுண்டு. ஜப்பானில் கவாசாகி நகரத்து நிஹோன் ரிககாகு ஆலை, ஹொக்கைடோவில் குவியும் விசிறிச் சிப்பி ஓடுகளைப் பொடித்துச் சாக்பீஸில் சேர்க்கிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். தூசி பறக்காதது என்று விற்கும் பல சாக்பீஸ்களைப் போல அதுவும் கார்பனேட் வகை. அடுத்த கல்விச் சீரில் வருகிற பெட்டி எந்த வகை என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம்: தட்டில்தான் எலுமிச்சம்பழமும் வந்திருக்குமே.