மண்ணுக்கும் பசிக்கும்

நிலைபேறான விவசாயம் என்ற சொல்லைப் பாடப்புத்தகங்களில் அடிக்கடி காண்கிறோம். இன்றைய தேவைக்காக விளைவிக்கும்போது, நாளைய தலைமுறைக்குரிய நிலத்தைக் கெடுத்துவிடாதிருப்பதே அதன் பொருள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளைப் பார்த்து வளரும் நமக்கு இது தூரத்து விடயமல்ல.

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலின் மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று கூறப்பட்டது. நஞ்சற்ற உணவு என்ற நோக்கம் நல்லதே. ஆனால் மாற்றுப் பசளை போதியளவு ஆயத்தமாக இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், பின்னர் வந்த பொருளாதார நெருக்கடியில் பசளையின் விலை பலருக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோகிராமாகக் குறைந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். நாட்டின் தேயிலையில் பெரும் பங்கைத் தருவோர் சிறுதோட்ட உரிமையாளர்களே. பெருந்தோட்டங்களிலோ, குறித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப் பேர் விழும். செடி துளிர்க்காவிட்டால் எவ்வளவு வேகமாகக் கை ஓடினாலும் அரைப் பேர்தான்.

செடி ஏன் துளிர்க்கவில்லை? தேயிலையில் நாம் எடுப்பது இலையை. இலை வளர நைதரசன் வேண்டும். ஒவ்வொரு கூடைக் கொழுந்தோடும் நைதரசன் மலையை விட்டு இறங்கிப் போகிறது. அதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதமே. ஒரு கிலோ யூரியாவுக்கு ஈடாக ஏறக்குறைய 30 கிலோ கூட்டெரு தேவை. அதைச் சரிவான மலையில் யாரோ சுமந்து ஏற வேண்டும். அதிலுள்ள நைதரசனும் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்த பின்னரே வேர்களுக்குக் கிடைக்கும்.

அப்படியானால் கூட்டெரு வீணா? இல்லை. அது மண்ணை இளக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்து, மண்ணிலுள்ள உயிர்களுக்கு உணவாகிறது. இந்த வேலையை யூரியா செய்யாது. அளவுக்கு மீறிப் போட்ட யூரியா மழையில் கரைந்து ஓடைக்குப் போகும். மண்ணின் அமிலத்தன்மையையும் கூட்டும். ஆகவே மண்ணைப் பரிசோதித்து, இரண்டையும் அளவறிந்து இடுவதே புத்திசாலித்தனம். சேதனப் பொருள் கூடக்கூட, இரசாயனத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

பசளைக்கு முன்னர் மண் நிலைத்து நிற்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. வெறும் சரிவில் விழும் மழை, வளமான மேல்மண்ணைத்தான் முதலில் அள்ளிச் செல்லும். அதனால்தான் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுகிறார்கள். கல் அணை கட்டுகிறார்கள். கவ்வாத்து வெட்டிய கிளைகளைச் செடிகளுக்கிடையே பரப்பி விட்டால், மழைத்துளியின் அடியை அவை தாங்கும். இளம் இறப்பர் மரங்களுக்கிடையே வளர்க்கும் பியூராரியா கொடி நிலத்தைப் போர்வையாக மூடுகிறது. அதன் வேர்முடிச்சுகளிலுள்ள பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகின்றன. வேலியோரத்துக் கிளிரிசிடியாவும் அவ்வாறே. தழையை வெட்டிப் போட்டால் பசளை. மிளகுக்கொடிக்கு அதுவே கொழுகொம்பு.

கேகாலைப் பக்கத்து வீட்டுத்தோட்டங்களைக் கவனியுங்கள். மேலே பலாவும் கித்துளும், நடுவே கறுவாவும் வாழையும், கீழே இஞ்சியும் கீரையும். இலைகள் உதிர்ந்து மண்ணை மூடுகின்றன. ஒரு பயிர் தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கிறது. நெருக்கடிக் காலத்தில் பல வீடுகளின் பசியை ஆற்றியது பலாக்காய்தான்.

சகோதரிகளே, உங்கள் உம்மாமார் ஒதுக்கும் காய்கறித் தோல்களை ஒரு மூலையில் சேருங்கள். காய்ந்த இலைகளை அதைவிட அதிகமாகக் கலந்து, ஈரம் காயாமல் பார்த்து, இடைக்கிடை புரட்டி விடுங்கள். சுமார் மூன்று மாதங்களில் கூட்டெரு ஆயத்தமாகும். ஒரு பசளையை ஒரே நாளில் நிறுத்திவிடலாம். மண்ணை ஒரே நாளில் வளமாக்க முடியாது. அதற்கான வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.