இதழ் வெள்ளை, நடுவே கறுப்பு

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெண்ணா ஏரிக்கரைப் பனித்துளிகள் உறைந்து வெண்படலமாகப் படிவதுண்டு. அதைக் காணச் சுற்றுலாப் பயணிகள் அதிகாலையிலேயே திரள்வர். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ட்ராபெர்ரியின் வயல்களிலும் அப்படலம் படிந்துவிட்டால், உழவரின் அடுத்த மாத அறுவடை கேள்விக்குறிதான்.

கடன் தொடர்பாக வயல்களைப் பார்வையிடும் நாமும் இப்பூக்களிடம் ஏமாந்ததுண்டு. உறைபனிக்கு மறுநாளும் இதழ்கள் வெள்ளைவெளேரென்றே இருக்கும். ‘சேதமில்லை’ என்று குறிக்கவிருந்த வேளையில், பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்பு கறுத்திருப்பதை உழவரே சுட்டிக்காட்டினார். அது முழுதும் கறுத்தால் பூ காயாகாது. ஒரு பகுதி தப்பினால் கோணற்பழமே மிஞ்சும். இறுகிய மொட்டு சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி செல்சியஸ் வரை தாங்கக்கூடும். விரிந்த பூவோ 1 டிகிரியைக்கூடத் தாங்குவதரிது.

தெளிந்த வானமும் காற்றற்ற இரவும் கூடினால், பள்ளத்து வயல்களுக்கே முதல் ஆபத்து. பகலிலேயே மண்ணை நனைத்தால் அது வெப்பத்தைத் தேக்கி இரவில் வெளிவிடும். மாலையில் பயிர்ப்போர்வைத் துணியால் செடிகளை மூடலாம். தெளிப்புநீர்ப் பாசனத்தில் ஒரு கண்டிப்பு உண்டு: நீர் உறையும்போது வெளியாகும் வெப்பமே பூவைக் காப்பதால், வெயிலேறிப் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தலாகாது. இடையில் மின்சாரம் நின்றால், ஈரம் ஆவியாகிப் பூவை மேலும் குளிர்விக்கும். அதற்குத் தெளிக்காமலே இருந்திருக்கலாம்!

கறுத்த பூக்களைக் கிள்ளுமுன் தேதியுடன் படமெடுத்து வைப்பது நன்று. ஓரிரு செடிகளின் அடித்தண்டைப் பிளந்து பாருங்கள். உட்புறம் வெண்மையாயின் வயல் மீண்டும் பூக்கும். பழுப்பாயின் மறுநடவுச் செலவைக் கணக்கிடத் தொடங்கலாம்.