பதக்கத்தினும் பெரிது தோழமை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர் நம் முன்னோர். ஆயினும், முளையைக் கண்டு மகிழ்ந்த உழவன் எவனும் அதனைப் பிடித்து இழுத்து வளர்க்க முயல்வதில்லை. விளையாட்டிலே திறமை காட்டும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு பிள்ளையை வருத்துவோமாயின், நாளடைவில் அப்பிள்ளை விளையாட்டையே வெறுத்து ஒதுக்கிவிடவும் கூடும். அங்ஙனமாயின், இளைஞரைப் போட்டியில் ஈடுபடுத்தும் முறைதான் யாது? இவ்வினாவிற்கு உலகம் கண்ட விடைகளுள் ஒன்று இளைஞர் ஒலிம்பிக் விழாவாகும்.

சிறுவர் ஓடியாடி விளையாடுவதை விட்டு உடல் பருத்து வருதலைக் கண்டு கவலையுற்ற ஒஸ்திரிய நாட்டவரான யோகான் றோசன்சொப் என்பார், 1998ஆம் ஆண்டில் இத்தகைய விழா ஒன்றின் தேவையை எடுத்துரைத்தார். பின்னர், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராயிருந்த ஜாக் ரோக் இதற்கு உருவம் கொடுத்தார். எலும்பு மருத்துவரும், மூன்று ஒலிம்பிக் விழாக்களிற் பாய்க்கப்பற் போட்டியிற் கலந்துகொண்டவருமாகிய அவர், இளம் உடலின் வலிமையையும் மென்மையையும் ஒருங்கே அறிந்தவர் அன்றோ! 2007ஆம் ஆண்டில், குவாத்தமாலா நகரிற் கூடிய அக்குழு விழாவிற்கு ஒப்புதல் அளித்தது.

முதல் விழா 2010ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் சிங்கப்பூரில் நடைபெற்றது. 14 முதல் 18 வயது வரையுள்ள ஏறத்தாழ 3,600 இளைஞர் 26 வகை விளையாட்டுக்களிற் பங்குபற்றினர். தம் போட்டி முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பாது, விழா முடியும்வரை அவர்கள் ஒருங்கே தங்கினர். பிற நாட்டார் பண்பாட்டை அறிதல், உடல்நலம் பேணல், ஊக்கமருந்தின் கேட்டினை உணர்தல் ஆகியனவும் விழாவின் அங்கங்களாயின.

யாவற்றினும் நம் உள்ளத்தைக் கவர்வது கலப்பு அணி முறையேயாம். நேற்று ஒருவரையொருவர் வீழ்த்த முயன்ற இரு நாட்டு இளைஞர், இன்று ஒரே அணியில் நின்று ஆடுவர். ஜூடோவில் அத்தகைய அணிகளுக்கு நாட்டின் பெயரை இடாது நகரங்களின் பெயர்களையே சூட்டினர். அவ்வணி பெறும் பதக்கம் எந்த ஒரு நாட்டின் கணக்கிலும் சேர்வதில்லை. ‘எதிராளி பகைவன் அல்லன்’ என்னும் பாடத்தை இதனினும் எளிதாகப் புகட்டல் இயலுமோ?

2018ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரிலே நடந்த விழா மற்றொரு சிறப்பைப் பெற்றது. ஒலிம்பிக் வரலாற்றிலே முதன்முறையாக, அங்கு ஆண்களும் பெண்களும் சரிபாதியாகப் போட்டியிட்டனர். அவ்விழாவிலேதான் நம் இலங்கைச் செல்வி பாரமி வசந்தி மாரிஸ்டெல்லா, தடைகளையும் நீர்க்கிடங்கையும் தாண்டி ஓடும் 2,000 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போட்டி இரு கட்டங்களாக நடந்தது. முதலில் ஓட்டப்பாதையிலும், பின்னர் திறந்த வெளியிலும் ஓடவேண்டும். இரண்டின் பெறுபேறுகளையும் சேர்த்தே நிலை கணிக்கப்பட்டது. ஆகவே, ஒருநாட் சறுக்கல் ஓர் இளையவரின் உழைப்பு முழுவதையும் அழித்துவிடவில்லை. பெண்பிள்ளைக்கு மைதானம் எதற்கு என்று கேட்போர் இன்னும் நம்மிடையே உளராயின், அவர்களுக்கு இப்பதக்கமே தக்க மறுமொழி.

சிங்கப்பூரிலே தங்கம் வென்ற தென்னாபிரிக்க நீச்சல் வீரர் சாட் லெ குளோஸ், ஈராண்டுகளின் பின் இலண்டன் ஒலிம்பிக்கில், 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலிற் புகழ்பெற்ற மைக்கேல் பெல்ப்ஸையே வென்றார். எனினும், எல்லோரும் அவ்வுயரத்தை எட்டுதல் இயலாது. இளமையிற் போட்டியிட்டோருட் பெரும்பாலோர் பிற்காலத்தில் வேறு தொழில் நாடிச் செல்வர். அவர்களிடம் எஞ்சி நிற்பது யாது? ஒழுங்கும், தோல்வியைத் தாங்கும் திண்மையும், கடல் கடந்த நட்புமேயாம். இவை வாய்க்காவிடின் விழா வெறும் ஆரவாரமாகவே முடியும். பதக்கப் பட்டியலை எண்ணி நாடுகள் மார்தட்டும் வழக்கம் இங்கும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதனையும் நாம் மறைத்தற்கில்லை.

2022ஆம் ஆண்டில் செனகல் நாட்டின் டாக்கர் நகரில் நடைபெறவிருந்த விழா, கொள்ளைநோயின் காரணமாக 2026ஆம் ஆண்டிற்குப் பின்போடப்பட்டது. ஆபிரிக்க மண்ணுக்கென வகுக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் விழா அதுவேயாம்.

மாணவர்காள்! மைதானத்தில் உங்களை முந்துபவனே உங்கள் ஆற்றலை உங்களுக்கு அறிவிப்பவன். அவன் கையைப் பற்றிக் குலுக்குங்கள். பெற்றோரே! மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், ‘வென்றாயா?’ என்று கேட்குமுன், ‘மகிழ்ந்து விளையாடினாயா?’ என்று கேளுங்கள். அக்கேள்வி ஒன்றே பிள்ளையை மறுநாளும் மைதானத்திற்கு மகிழ்வுடன் அழைத்துச் செல்லும்.