வன்னியிற் பழைய மோட்டார் சைக்கிளும் காப்புறுதிச் செலவும்

வன்னிப் பெருநிலத்திலே ஒரு காலத்தில் மாட்டு வண்டி வகித்த இடத்தை இன்று மோட்டார் சைக்கிள் வகிக்கின்றது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியே அதே கரைக்கும் செல்லும் நெடுவீதிகளை விட்டு உள்ளே திரும்பினால், பேருந்து காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் வருவதே பெரிது. துணுக்காய், மல்லாவிப் பகுதிப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்வோர், கரையிலிருந்து மீன் கொணர்ந்து விற்போர் ஆகிய அனைவர்க்கும் அதுவே கால். உந்துருளி என்னும் தனித்தமிழ்ப் பெயரை ஏட்டளவிலன்றிப் பேச்சிலும் வழங்கியவர்கள் வன்னி மக்கள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தகைய வண்டி பழுதடையத் தொடங்கும்போது, வைத்திருப்பதா மாற்றுவதா என்ற வினா எழுகின்றது. வண்டியின் விலையையும் திருத்தச் செலவையும் எரிபொருட் செலவையும் கணக்கிடாதார் இலர். காப்புறுதிச் செலவோ, பெரும்பாலும் வண்டி வாங்கி முற்றத்தில் நிறுத்திய பின்னரே நினைவுக்கு வருகின்றது. நான்கைந்து ஆண்டுகளிற் பரந்து நிற்கும் அச்செலவு சிறிதன்று. சிலவேளைகளில் முடிவையே மாற்றவல்லது.

இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பிறர்க்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் ஈடுசெய்யும் காப்புறுதியின்றி எவரும் வீதியில் வாகனம் செலுத்தலாகாது என விதித்தது. இக்கொள்கை பிரித்தானியாவின் 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் உருப்பெற்றுப் பின் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. 1961 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1964 முதல் பொதுக் காப்புறுதியிலும் தனியுரிமை பெற்றிருந்தது. 1980 களின் பிற்பகுதியிலே தனியார் நிறுவனங்கட்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் பிரதேச செயலகத்திற் பெறும் வருமான அனுமதிப் பத்திரத்துக்குக் காப்புறுதிச் சான்று இன்றியமையாதது. எனவே காப்புறுதி செய்வதா விடுவதா என்பது வினாவன்று. எவ்வகைக் காப்புறுதி என்பதே வினா.

வகை இரண்டு. மூன்றாந் தரப்புக் காப்புறுதியில், செலுத்துபவர் பிறர்க்கு விளைத்த தீங்குக்கு மட்டுமே நிறுவனம் பொறுப்பேற்கும். பிறர்க்கு நேரும் காயத்தின் கடுமை வண்டியின் விலையைப் பொறுத்ததன்றாதலின், இதன் கட்டணம் புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் பெரிதும் வேறுபடுவதில்லை. முழுக் காப்புறுதியோ வண்டிக்கு நேரும் சேதம், களவு, தீ, வெள்ளம் முதலியவற்றையும் பத்திரத்திற் கண்ட அளவில் ஏற்பது. அதன் கட்டணம் வண்டியின் பெறுமானத்தில் நூற்றுக்கு இவ்வளவு எனக் கணிக்கப்படுவதால், வண்டி புதிதாகுந்தோறும் கட்டணமும் உயரும்.

வன்னி வீதிகளின் இயல்பு இவ்விடத்திற் கருதற்பாலது. நகரத்து விபத்திலே மோதிய மறு வாகனம் ஒன்று இருக்கும். அதன் காப்புறுதியிலிருந்து ஈடு பெறவும் கூடும். வன்னியிலோ இரவில் வீதியிற் படுத்திருக்கும் மாடும், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரத்தில் எதிர்ப்படும் யானையும், அறுவடைக் காலத்தில் தார் வீதியிலே காயவிட்ட நெல்லும், மழை அரித்த கிரவல் பாதையுமே பலரை வீழ்த்துகின்றன. யானையிடம் நட்ட ஈடு கேட்பார் யார்? மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் உடையவர் இத்தகைய வீழ்ச்சியில் ஒரு சதமும் பெறார். அவருடைய சொந்தக் காயத்துக்கும் தனிநபர் விபத்துக் காப்புறுதி வேறாகச் சேர்த்திருத்தல் வேண்டும். பின்னால் அமர்ந்து செல்பவருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் பத்திரத்தைப் படித்தே அறிதல் வேண்டும். தரகர் வாய்ச்சொல் போதாது.

இனி ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொண்டவையேயன்றிச் சந்தை விலைகள் அல்ல. பழைய வண்டியின் பெறுமானம் 2 இலட்சம் ரூபா. அதற்கு மூன்றாந் தரப்புக் கட்டணம் ஆண்டுக்கு 2,000 ரூபா. புதிய வண்டியின் விலை 7 இலட்சம். முழுக் காப்புறுதிக் கட்டணம் நூற்றுக்கு 3. புதியதன் பெறுமானம் நான்கு ஆண்டுகளில் முறையே 7, 6, 5, 4.5 இலட்சமாகத் தேய்ந்தால், கட்டணம் 21,000, 18,000, 15,000, 13,500 ஆகும். மொத்தம் 67,500 ரூபா. பழையதற்கு நான்கு ஆண்டில் 8,000. வேறுபாடு 59,500, மாதத்துக்கு ஏறக்குறைய 1,240 ரூபா. பழைய வண்டியின் இயந்திரத்தைத் திறந்து ஒருமுறை நன்றாகத் திருத்துவதற்குரிய செலவோடு இத்தொகை ஒப்பிடத்தக்கது.

ஆயினும் இக்கணக்கில் ஒரு மயக்கம் உண்டு. ஒருபுறம் மூன்றாந் தரப்பையும் மறுபுறம் முழுக் காப்புறுதியையும் வைத்து நிறுத்தது ஒத்த நிறுவையன்று. பழைய வண்டிக்கும் அதே வீதத்தில் முழுக் காப்புறுதி எடுத்தால் ஆண்டுக்கு 6,000 ரூபா ஆகும். அதனை எடாதவர் 4,000 ரூபாவை மிச்சம் பிடித்தவரல்லர். வண்டி முற்றாக அழியும் இடரைத் தம் தோளிலே சுமப்பவர். 2 இலட்சத்தை ஒரே நாளில் இழந்தும் தொழிலைத் தொடரக்கூடியவருக்கு அது சரியான முடிவு. மீன் விற்று அன்றன்று வாழ்பவருக்கு அவ்வாறன்று. அவருக்கு வண்டி போனால் வருவாயும் உடன் போகும். பழையது மலிவு என்ற பொதுக்கூற்று இங்கேதான் வழுவுகின்றது. வண்டி முதிர முதிர முழுக் காப்புறுதி தர நிறுவனங்கள் தயங்குவதும், மாற்றும் உறுப்புக்களின் விலையில் தேய்வு கழித்தே கொடுப்பதும் மற்றொரு தொல்லை.

பழைய வண்டிகளின் வரலாறும் வன்னியிற் பிற இடங்களினின்றும் வேறுபட்டது. சப்பானிய அஞ்சற்காரருக்காக ஹொண்டா நிறுவனம் செய்த எம்.டி. 90 வண்டி, வன்னி மண்பாதையில் உழைத்த அளவு தன் தாய்நாட்டிலும் உழைத்திராது. பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகள் பல. 2009 ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்கால் வரை கொண்டுசெல்லப்பட்டுக் கைவிடப்பட்டவை ஆயிரக்கணக்கின. உரிமையை நிறுவ இயன்றவரே அவற்றுட் சிலவற்றை மீளப் பெற்றனர். போரினால் நேரும் இழப்பைச் சாதாரண மோட்டார்க் காப்புறுதிப் பத்திரம் விலக்கியே வைத்திருப்பதால், அவ்விழப்புக்கு அத்தகைய பத்திரத்தில் ஈடில்லை.

அவ்விழப்பின் நீட்சியாக ஆவணச் சிக்கல் இன்றும் உள்ளது. பதிவுப் புத்தகம் தொலைந்ததும், முதல் உரிமையாளர் இறந்தோ கடல் கடந்தோ போனதும், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்துடன் வண்டி ஐந்து கை மாறியதும் அரியனவல்ல. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கியபோது, பதிவு விவரம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பலர் உணர்ந்தனர். காப்புறுதியிலும் அவ்வாறே. பொருள் அழிந்தால் தமக்கு நட்டம் நேரும் எனக் காட்டக்கூடிய உரித்து காப்புறுதி செய்பவர்க்கு இருத்தல் வேண்டும். உண்மைகளை மறையாது கூறும் பரம நம்பிக்கையும் வேண்டும். பிறர் பெயரிலுள்ள வண்டிக்குக் கட்டணம் ஏற்கப்பட்டிருத்தல் கூடும். ஆனால் இழப்புக் கோரும் நாளிலேதான் வினாக்கள் எழும். அத்தகைய வண்டியைப் பெயர் மாற்றிச் சீர்செய்ய ஆகும் செலவையும் அலைச்சலையும் பழையதை வைத்திருக்கும் செலவிற் சேர்த்தே எண்ணல் வேண்டும்.

பெறுமானத் தேய்வு பற்றிய பாடநூல் விதியையும் அண்மைக் காலம் தலைகீழாக்கியது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ருவரியிலேயே தனியார் பாவனை வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டியின் விலை தேய்வதற்கு மாறாக ஏறியது. இதனால் அறியாமலே குறைக் காப்புறுதிக்கு ஆளானோர் பலர். 2 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்த வண்டியின் சந்தை விலை 4 இலட்சமாக உயர்ந்திருக்க, 60,000 ரூபாச் சேதம் நேர்ந்ததெனக் கொள்க. பத்திரத்திற் சராசரி வாசகம் இருப்பின், இரண்டில் ஒரு பங்கான 30,000 ரூபாவே கிடைக்கும். மிகுதியை உரிமையாளரே ஏற்றவராகக் கருதப்படுவார். அன்றியும் ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் தாமே ஏற்கவேண்டிய முதற்பகுதி ஒன்று உண்டு. ஆதலின் ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பெறுமானத்தைத் திருத்துதல் வேண்டும். கூட்டி எழுதுவதாலும் பயனில்லை, நட்டோத்தரவாதக் கோட்பாட்டின்படி உண்மை இழப்புக்கு மேல் நிறுவனம் கொடாது.

போர் முடிந்த பின் ஏ9 வீதியின் இருமருங்கும் குத்தகை நிறுவனங்கள் நிறைந்தன. கைப்பணம் சிறிது கொடுத்துப் புது வண்டியேறும் இம்முறையில் முழுக் காப்புறுதி விருப்பமன்று. கடன் தீரும்வரை கட்டாயம். மாதத் தவணையை மட்டும் கேட்டுச் சம்மதித்தவர்க்கு, இரண்டாம் ஆண்டுக் காப்புறுதிக் கட்டணம் காலபோக அறுவடைக்கு முந்திய வெறுங்கை மாதத்தில் வந்து நிற்கும். காப்புறுதித் தொகை முதலிற் கடன் கொடுத்தவரையே சேரும் என்பதும் அறியத்தக்கது. கடன் மிகுதி 5 இலட்சமாக இருக்கையில் 4.5 இலட்சம் பெறுமானமுள்ள வண்டி களவு போயின், உரிமையாளருக்கு வண்டியும் இல்லை. 50,000 ரூபாக் கடன் மட்டும் எஞ்சும். புதியதை வாங்குவோர் குத்தகைக் காலத்தைக் குறுக்குதலும் கைப்பணத்தைக் கூட்டுதலும் இவ்விடைவெளியைச் சுருக்கும்.

முழுக் காப்புறுதியில் இழப்புக் கோராது கழிந்த ஆண்டுகளுக்காகக் கொடுக்கப்படும் கழிவு பொதுவாகக் காப்புறுதி செய்தவரைச் சார்ந்தது, வண்டியைச் சார்ந்ததன்று. பழையதை விற்றுப் புதியது வாங்குவோர், முன்னைய நிறுவனத்திடம் அதற்குச் சான்று பெற்றால் புதிய பத்திரத்திலும் அதனைக் கேட்கலாம். மேற்காட்டிய 21,000 ரூபாவில் நூற்றுக்கு 25 கழிவு கிடைப்பின் கட்டணம் 15,750 ஆகின்றது. கண்ணாடியும் விளக்கும் உடைந்ததற்காகச் சிறு தொகை கோரி இக்கழிவை இழப்பவர், கையில் வந்ததையே காண்கின்றனர், போனதைக் காண்பதில்லை.

பழைய வண்டியை விற்கும்போது அதன் காப்புறுதி தானாகவே வாங்குபவரைச் சேர்வதில்லை. விற்றவர் உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, தம் பத்திரத்தை நிறுத்தி, எஞ்சிய காலத்துக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை உண்டாயின் அதனையும் கேட்டுப் பெறல் வேண்டும். வெற்றுப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு போனவரின் பெயரே பதிவேட்டில் நிற்கும். அவ்வண்டி ஒருநாள் விசுவமடுச் சந்தியில் ஒருவரை மோதிவிட்டால், பொலிசார் முதலில் தேடி வருவது அவரது வீட்டுப் படலைக்கே.