ஸ்பான்சர் பணமும் அம்பேத்கர் பெற்றுத் தந்த 3 லட்சமும்

பிளஸ் 2 முடிவு வந்த மறுவாரமே எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். 'ஒரு எஸ்.சி. பிள்ளையைப் படிக்க வைக்கலாம்னு இருக்கோம், நல்ல பிள்ளையா பார்த்துச் சொல்லுங்க' என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து பேசுகிறவர்கள் உண்டு. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. பலர் நம் தெருக்களிலிருந்து படித்துப் போனவர்கள்தான். அந்த மனசுக்கு நன்றி. ஆனால் பணத்தை வாங்கும் முன் அவர்களிடம் சில விஷயங்களைப் பேசிவிடுவது எங்கள் வழக்கம். அதை இந்த வாரம் இங்கேயே எழுதிவிடுகிறோம்.

பிறர் கொடையில் நம் பிள்ளைகள் படித்த வரலாறு பழையது. அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1894-இல் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். நம் மாவட்டத்திலோ, நந்தனை நெருப்பில் இறக்கிய சிதம்பரத்திலேயே, சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். அதில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்தியை வாசித்துக்கொண்டிருக்கக் கூடும்.

அண்ணல் அம்பேத்கரும் அப்படிப் படித்தவர்தான். கல்லூரிப் படிப்புக்குப் பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அவர் உதவியில்தான். படித்து முடித்துப் பரோடா அரசில் பத்தாண்டு வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917-இல் வேலையில் சேரப் போனவருக்கு அந்த ஊரில் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. மன்னர் படிக்க வைத்தார்; ஊர் வாசலைத் திறக்கவில்லை. பிறகு லண்டன் படிப்பைத் தொடரக் கோலாப்பூர் ஷாகு மகாராஜா உதவினார்.

இரண்டு மன்னர்களின் கொடையில் படித்தவர், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற 1942-இல் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். இன்னும் நான்கு மன்னர்களைத் தேடிப் போகவில்லை. பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு தன் கஜானாவிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்று மனு கொடுத்தார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கிடைத்தது. 1944-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இன்று 'போஸ்ட் மெட்ரிக்' என்று நாம் சொல்லும் கல்வி உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இது கிடைக்கும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி, செலவில் 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் ஏற்கின்றன. மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்கு மத்திய அரசு தராவிட்டாலும் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து தருகிறது.

அப்படியானால் ஸ்பான்சர் எதற்கு? நியாயமான கேள்வி. சிக்கல் தேதியில் இருக்கிறது. கல்லூரி ஜூன், ஜூலையில் பணம் கேட்கும். உதவித்தொகை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மத்திய அரசின் பங்கு இப்போது நேரடியாக மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாணவர் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். ஆதார் இணைப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும். சேர்க்கையின்போது கட்டணம் கேட்கக் கூடாது என்று அரசு எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும், கல்லூரி அலுவலகத்தின் கவுண்ட்டரில் அது எடுபடுவதில்லை.

எங்களிடம் வந்த ஒரு மாணவியின் பெற்றோர் விவசாயக் கூலிகள். இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை வரத் தாமதமானதால் ஒரு தனியார் கல்லூரி ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தது. அம்மா கம்மலை அடகு வைத்துப் பாதிதான் புரட்ட முடிந்தது. தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. படிப்பு நின்றுபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரண்டு நாளில்தான். அந்தப் பிள்ளைக்கு மார்க் குறைவில்லை, ஆர்வமும் குறைவில்லை. அன்றைக்குக் கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நண்பர்களே, டியூஷன் கட்டணம் முழுவதையும் நீங்கள் கட்டிவிடாதீர்கள். அது அரசு கொடுக்க வேண்டிய பணம். நீங்கள் கட்டினால், கேட்டால் கிடைக்கும் என்று கல்லூரி பழகிக்கொள்ளும். தாமதத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. நீங்கள் தரும் பணத்தை நாங்கள் சுழல்நிதியாக வைக்கிறோம். முதலில் மனு, கல்லூரி முதல்வரிடம் பேச்சு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். இத்தனையும் பலிக்காமல் தேர்வு வந்துவிட்டால் மட்டும் நிதியிலிருந்து கட்டுவோம். உதவித்தொகை வந்ததும் பிள்ளை திருப்பித் தர வேண்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகும். திரும்பக் கேட்காமல் நாங்கள் செலவிடுவது விடுதி முன்பணம், பஸ் செலவு, புத்தகம் போன்றவற்றுக்குத்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

கொடையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 சாட்சி. வெளிநாட்டு நிதிக்கு மத்திய அரசு விதித்த கட்டுப்பாட்டால் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பு அந்த ஆண்டு மார்ச்சில் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1.4 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதன் ஸ்பான்சர் உதவியில் இருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய் மனு கொடுப்பார்கள்? தேதி தவறினாலும் போஸ்ட் மெட்ரிக் பணத்துக்கு ஓர் அலுவலகம் உண்டு, அரசாணை உண்டு, கேள்வி கேட்க நீதிமன்றம் உண்டு.

இன்னொன்று, போட்டோ. காசோலையை நீட்டிப் பிடித்து, பின்னால் ஃபிளெக்ஸ் கட்டி, 'ஏழை ஆதிதிராவிட மாணவிக்கு உதவி' என்று செய்தி கொடுக்க நாங்கள் சம்மதிப்பதில்லை. மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்குப் போக வேண்டும். அதுவரை அவள் சாதியை அறியாத பக்கத்து பெஞ்சுக்கும் அந்தப் படம் போய்ச் சேர்ந்திருக்கும். நன்றிக் கடிதமும் எழுத வைப்பதில்லை. மார்க் பட்டியல் அனுப்பச் சொல்லிக் கேட்டால், பிள்ளையிடம் சம்மதம் கேட்டு அவள் சரி என்றால் அனுப்புகிறோம். இதற்குக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பரவாயில்லை.

பிளஸ் 2 முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு: சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதி. கேட்டால் இதைச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.