நார் போகும் திசை

கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் படகை 'ஃபைபர் போட்' என்கிறோம். தமிழ் படித்தவனுக்கு அது சினையாகுபெயராகத்தான் தெரியும். நார் அதில் ஒரு பாகம் மட்டுமே, மற்றது றெசின் என்கிற பசை. றெசின் தனியே இறுகினால் வெறும் பிளாஸ்டிக், ஓங்கிப் போட்டால் பிளந்துவிடும். கண்ணாடி நார் தனியே என்றால் துணி, நிமிர்ந்து நிற்காது. இரண்டும் சேர்ந்த கூட்டுப்பொருள்தான் அலையைத் தாங்குகிறது.

கை தவறினால் நொறுங்கும் கண்ணாடிக்கு ஏது இந்தப் பலம்? கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1920இல் இதற்கு விடை சொன்னார். கண்ணாடியை இழையாக இழுத்துச் சோதித்தபோது, இழை மெலிய மெலியப் பலம் கூடியது. கண்ணாடியை உடைப்பது அதிலுள்ள நுண்ணிய கீறல்கள். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. அப்படியும் ஓர் இழை அறுந்தால், சுற்றியுள்ள றெசின் அதன் சுமையைப் பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது.

இனித்தான் முக்கியமான விசயம், திசை. மருதமுனைச் சாரன் ஒன்றை நூல் போகும் வழியே இழுத்துப் பாருங்கள், அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் இழுபட்டுக் கொடுக்கும். கூட்டுப்பொருளின் குணமும் இதுவே. உருக்குக்கு இந்தப் பேதம் அநேகமாக இல்லை, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பதில்தான். நார்கள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும் காபன் நார்த் தகட்டை எடுங்கள். அதன் எடை, அதேயளவு உருக்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. நார் வழியே விறைப்போ உருக்கினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு. எடைக்கு எடை பார்த்தால் உருக்கைவிட மூன்று மடங்கு! ஆனால் நாருக்குக் குறுக்கே இழுத்தால் பலம் முப்பதில் ஒன்றாகச் சரிந்துவிடும். அங்கே தாங்குவது றெசின் மட்டும்தானே. அதனால்தான் ஒரு படை நேராக, ஒரு படை குறுக்காக, ஒரு படை சாய்வாக என்று அடுக்குகிறார்கள். போயிங் 787 விமானக் கட்டமைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி இப்படி அடுக்கியதுதான்.

உலோகத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெரும்பாலும் முறிய முன் வளையும், நமக்குத் தெரியும், நிமிர்த்தியும் எடுக்கலாம். நார்ப்பொருள் வளைந்து எச்சரிப்பது குறைவு. உள்ளே படைகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றிருக்கும், வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும். அமுக்கமும் அதற்கு ஆகாது. இழுத்தால் தாங்கும் நார், இரு முனையிலும் நெருக்கினால் நெளிந்துவிடும். டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூனில் கடலடியில் நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்களே, அதன் உடல் காபன் நாரால் ஆனது. அந்த ஆழத்தில் நீர் அதை எல்லாப் பக்கமும் அமுக்கிக்கொண்டிருந்தது.

நமது படகுகளில் பெரும்பாலும் வெட்டிய நாரைக் கண்டபடி பரப்பிய பாயும், நெய்த கண்ணாடித் துணியும் மாறி மாறி வரும். பாய் எல்லாத் திசைக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும், துணி இரண்டு திசைக்கு நிறையக் கொடுக்கும். படகு வார்க்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மெட்ட விரிச்சா மட்டும் போதா சேர், உள்ளுக்கு காத்து நிக்கப்படா." றோலரால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்றாவிட்டால், அந்தக் குமிழ் இருக்கும் இடத்தில்தான் படை கழலத் தொடங்கும்.

பழைய படகு வாங்கப் போகிறவர் நாணயத்தால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இடம் 'டக்' என்று கணீரெனக் கேட்கும். படை கழன்ற இடம் 'பொத்' என்று மந்தமாகக் கேட்கும். விமானம் பழுதுபார்ப்பவர்களிடமும் இந்தத் தட்டிப் பார்க்கும் முறை இன்னும் இருக்கிறது.