விசிறி சுற்றுகிறது, கணினி ஏன் இயங்கவில்லை?

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு நான்கு நாள்களே இருந்தன. வெலிங்டனில் எங்கள் பள்ளி ஆய்வகக் கணினி ஒன்றில் பழுதான எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்துவிட்டு, கூடுதல் திறனுள்ள புதியதைப் பொருத்தினேன். விசிறி சுற்றியது, திரை இருண்டே கிடந்தது. மதர்போர்டு போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அருகில் நின்ற மாணவி, "சார், இந்த ஒயர் சும்மா தொங்குதே?" என்றாள்.

அது 4 பின் கேபிள். 24 பின் கேபிள் மதர்போர்டுக்கு மின்சாரம் தருகிறது. பிராசஸருக்கான 12 வோல்ட் மின்சாரம் 4 அல்லது 8 பின் கேபிளில் தனியே வருகிறது. அதைச் செருகாவிட்டாலும் விசிறி சுற்றும்; பிராசஸர் வேலை செய்யாது.

இதே நிலை உங்களுக்கு வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள்.

2. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் 115/230 சுவிட்ச் இருந்தால், அது 230இல் இருக்க வேண்டும்.

3. இரு கேபிள்களையும் கொக்கி மாட்டும்வரை அழுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளைப் பிராசஸர் இணைப்பில் திணிக்காதீர்கள். இரண்டிலும் மின்முனைகளின் அமைப்பு வேறு.

4. ரேமைக் கழற்றி, அதன் முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுங்கள். நம் மலையின் ஈரக்காற்றில் அவை எளிதில் மங்கும்.

5. பிறகு பிளக்கைச் செருகி இயக்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்தக் கேபிளை மாணவியே செருகினாள். தேர்வன்று அக்கணினியும் வரிசையில் இருந்தது.